டங்கென்று ஒலித்த ஈயம்

"டமார்!"

மறுநொடியே, "டங்!"

பட்டறையில் இருந்த மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டார்ச் கூட்டின் மூடி குண்டு போலக் கிளம்பி, சுவரில் தொங்கிய இடுப்புப் பட்டையில் பட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"ஒழுகுதான்னு பாக்கக் கொஞ்சம் காத்து ஏத்துன்னா ஊர்க் காத்தையெல்லாம் ஏத்திட்டியே மாப்ளே!" என்றார் வெல்டர், மேசைக்கு அடியிலிருந்து.

"நீங்க பேசின பேச்சுல மீட்டரைப் பாக்க மறந்துட்டேன் மாமா" என்றான் அவருடைய மச்சினன், கையில் பம்புடன்.

லேத் முன்னால் நின்றிருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வெல்டரின் மனைவி; பம்புக்காரனின் அக்கா; பட்டறைக்கு முதலாளி. மயிரிழை பிசகினாலும் செய்த துண்டைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்பதால் ஊரில் அவளுக்கு மைக்ரான் என்று பெயர். கையைப் போலவே காதும் கறார். டமார் சரி. இந்த டங் எங்கிருந்து வந்தது?

பட்டையில் தொங்கியவை, கணவர் தண்ணீரில் மூழ்குவதற்காக அவள் தன் கையால் வார்த்த ஈயக் கட்டிகள். ஈயத்தின் மேல் எது விழுந்தாலும் தொப்பென்றுதான் கேட்கும். ஈயம் இப்படிக் கத்தாது.

கடலடியில் மூச்சுக் கருவியோடு நீந்தும் ஆசை வீட்டில் அவளுக்குத்தான் முதலில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே படகுகளுக்குப் பாகம் கடைந்து கொடுப்பவள் அவள். தனியாகக் கடைந்த முதல் வேலை, ஓர் இழுவைப் படகை உந்தும் விசிறியின் நுனியில் பூட்டும் பித்தளைக் குமிழ். அந்தப் படகு வயதாகி, கட்டிப்போட்ட இடத்திலேயே ஆளில்லாத நேரத்தில் ஓட்டை விழுந்து மூழ்கிவிட்டது. இப்போது அதில் மீன்கள் குடித்தனம் நடத்துகின்றன. அந்தக் குமிழை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

காற்று உருளையும் மூச்சுக் கருவியும் மட்டும் அவளும் கணவரும் சேர்ந்திருந்த பயிற்சி மையத்துடையவை. "மூச்சு விஷயத்துல மட்டும் உங்க கைவேலையைக் காட்டாதீங்கக்கா" என்று அங்கே கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் பட்டறையில் பிறந்தவை. உருளையைத் தாங்கும் முதுகுத் தகட்டைத் தம்பி வளைத்தான். வார்களின் வளையங்களைக் கணவர் பற்றவைத்தார். டார்ச் கூட்டை அவள் கடைந்தாள். அதில் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைப் பார்த்து மாஸ்டரே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சிக்கல் ஒன்றே ஒன்று. கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான். தம்பிக்குக் காதில் கோளாறு, தண்ணீரே ஆகாது. பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் ஜோடி சேர்ந்தாயிற்று. அவளுக்குக் கணவர்தான் துணை. அவரோ தேர்வன்று நீச்சல் குளத்தில் தக்கை போல மிதந்தார். மாஸ்டர் சொல்படி அவள் மேலும் இரண்டு கட்டி வார்த்துக் கொடுத்தாள். மறுபடியும் மிதந்தார்.

"தொப்பை மாமா, தொப்பை! அது காத்தடைச்ச டியூப்" என்றான் தம்பி.

இந்த ஞாயிறு கடைசி வாய்ப்பு. இதிலும் மிதந்தால் கடலுக்குப் போகும் படகில் அவளுக்கும் இடம் கிடையாது.

மூடியைத் தேடும் சாக்கில் அவள் பட்டையைத் தூக்கினாள். ஒற்றை விரலிலேயே வந்துவிட்டது! "என் பாரத்தை நானே சுமக்கறேன்" என்று அவர் யாரையும் அதைத் தொடவிடாததன் மர்மம் அப்போதுதான் புரிந்தது. ஒரு கட்டியைக் கழற்றி லேத்தில் பூட்டி உளியை வைத்தாள். கறுப்புச் சாயம் உரிந்து, வெள்ளிக் கம்பி போலப் பளபளவென்று சீவல் சுருண்டு விழுந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அலுமினியம்! அதே அச்சில் வார்த்து, அதே சாயத்தைப் பூசியிருந்தது.

வெல்டரின் பேச்சு நின்றது.

அந்தப் பட்டறையில் அவர் பேச்சு நிற்பது, கரண்டு போவது மாதிரி. ஒருமுறை அவர் சட்டைக் கையில் தீப்பொறி பற்றியபோதுகூட, பேச்சு நின்றதைக் கேட்டுத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். இப்போதும் லேத்தை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னங்க இது?"

"அது... ஈயம் கொஞ்சம் பத்தலைன்னு..."

"மூலையில அடுக்கி வச்சிருக்கிறது என்ன, அவலா?"

தம்பி நைசாக நழுவப் பார்த்தான். "நீ நில்லுடா. நீயும் கூட்டா?"

"சத்தியமா இல்லக்கா. எனக்குத் தெரிஞ்சிருந்தா தொப்பையைக் கிண்டல் பண்ணியிருப்பேனா?"

வெல்டர் முக்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தண்ணிக்கெல்லாம் எனக்குப் பயமில்ல மைக்ரான். முதல் நாள் மாஸ்டர் தோளை அமுக்கிக் குளத்துக்கு அடியில உக்கார வச்சாரு பாரு... ஒரு சத்தமும் இல்ல. எனக்கு முன்னால நீ போறே. கூப்பிடணும், முடியல. வாயில ரப்பரைக் கவ்விட்டிருக்கேன். அதான் மூழ்காம இருக்க ஒரு வழி பண்ணேன்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"ஊர்ல உள்ளதெல்லாம் சொல்றேன். இதை மட்டும் சொல்ல வாய் வரல."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அலுமினியக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வார்ப்பு மட்டும் ஒரு ஓட்டை இல்லாம, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க! திருட்டு வேலைக்கு மட்டும் இவ்வளவு அக்கறை!"

சிரித்து முடித்து, லேத் பக்கம் திரும்பினாள். ஒரு பித்தளைக் குழாயை எடுத்து நறுக்கினாள். உள்ளே பழைய பேரிங் குண்டுகளைப் போட்டாள். இரண்டு முனைக்கும் திருகு மூடி கடைந்து பூட்டினாள். தண்ணீர் பீப்பாய்க்குள் கையை விட்டு உலுக்கினாள்.

கடகடகட!

பீப்பாயில் காதை வைத்துக் கேட்ட வெல்டரின் முகம் மலர்ந்தது.

"பூனைக்கு மணி கட்டிட்டேக்கா!" என்று கை தட்டினான் தம்பி.

"ஒரு தடவை உலுக்கினா, 'நான் இருக்கேன்'. ரெண்டு தடவைன்னா, 'இங்க பாரு'. மூணு தடவைன்னா..." வெல்டர் அடுக்கத் தொடங்கினார்.

"ரெண்டோட நிறுத்துங்க. கதை சொல்லக் குடுக்கல."

ஞாயிற்றுக்கிழமை அசல் ஈயத்தைக் கட்டிக்கொண்டு வெல்டர் குளத்தில் இறங்கினார். தொப்பையோடு, மீசையோடு, ஜம்மென்று மூழ்கினார். அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடகடவென்று உலுக்கினார். மேலே வந்து ரப்பரைத் துப்பியதுமே, "மாஸ்டர், அந்த மூலையில ஒரு ஓடு பேந்திருக்கு, சிமெண்ட் பூசச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் அவர் பேசி முடிக்கக் காத்திருந்து பார்த்தார்; முடியவில்லை; நடுவிலேயே "பாஸ்" என்றார். கரையில் நின்ற தம்பி விசிலடித்தான்.

அடுத்த வாரம் கடல். மாஸ்டர் முன்னால் வழிகாட்ட, அவள் தன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே போகப் போகப் பச்சை கறுத்தது. எதிரே படகின் வயிறு வீடு மாதிரி எழுந்தது. அவள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பின்னால் கடகட. முன்னால் நகர்ந்தாள். மறுபடி கடகட. படகின் வால்பக்கம் விசிறி பாசி படிந்து நின்றது. கையுறையால் தேய்த்தாள், பாசி விலகி, மஞ்சளாக அவளுடைய குமிழ் தெரிந்தது. உளி ஓடிய வரிகூட அப்படியே இருந்தது. அவள் அதைக் கன்னத்தைத் தடவுவது போலத் தடவினாள். வெல்டர் வந்து பார்த்தார். சந்தோஷத்தில் அவர் உலுக்கிய உலுக்கில் படகுக்குள்ளிருந்த மீன்கள் அத்தனையும் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்தன.

மேலே படகில் ஏறியதும், துண்டால் தலை துவட்டியபடியே வெல்டர் படகோட்டியைப் பிடித்துக்கொண்டார். குமிழின் கதையை அந்த ஆள் கேட்டானோ இல்லையோ, அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் காதைக் குடைந்தபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, ஒரு மீனைக்கூடப் பாக்க முடியல. அடுத்த தடவை அந்தக் கிலுகிலுப்பையை அண்ணன்கிட்ட குடுக்காதீங்க. இப்பதான் அவருக்கு பயம் போயிடுச்சே!"

அவள் டார்ச்சின் மூடியைத் திருகியபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவருக்குப் போயிடுச்சு மாஸ்டர், எனக்குப் போகல. பின்னால அந்தச் சத்தம் கேக்கலைன்னா நான் பாதியிலேயே திரும்பியிருப்பேன்."