பச்சைக்குத்தான் பாயின்ட்

இணையதளங்களுக்கு மக்களே நல்லதென்றால் பச்சை, மோசடியென்றால் சிவப்பு போடும் செயலி அது. அதில் பச்சையாக இருந்த மருந்துத் தளத்தை நம்பித்தான் சரளா தங்கைக்கு மாத்திரை வரவழைத்தாள். வந்தது போலி மாத்திரை; தங்கை இறந்துபோனாள். சரளா அந்தத் தளத்துக்குச் சிவப்பு போட்டாள். நிறம் மாறவில்லை. ஜோகுபாளையத்திலிருந்து செயலியின் அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"உங்களுக்கு பாயின்ட்டே இல்லக்கா. பாயின்ட் இருந்தாத்தான் உங்க ஓட்டுக்கு வெயிட்டு," என்றார் பொறுப்பாளர் ஹரிஷ்குமார்.

"அது எப்படிப்பா வரும்?"

"நெறைய பேர் போடறதையே போட்டா வரும். மாத்திப் போட்டா கட்டாயிடும்."

"செத்தவ வந்து ஓட்டு போடுவாளா? பொழச்சவன்தானே போடறான்!"

"ரூல்ஸ் அப்படிக்கா."

திரும்பும் பேருந்திலேயே சரளா பாயின்ட் சேர்க்க உட்கார்ந்தாள். முதலில் வந்தது அவள் கேள்விப்படாத இன்னொரு மருந்துத் தளம். எல்லோரும் பச்சை போட்டிருந்தார்கள். அவளும் பச்சை போட்டாள்.