ஜெயதாஸ் துடைத்த வால்வுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஜெயதாஸின் மனைவி சிஜி சொன்ன கதை. வால்வு என்றால் எனக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற வால்வுதான் தெரியும். தெரியாததை எழுதத்தானே எழுத்தாளன் என்று துணிந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மின்னல் வெட்டியது. ஆம்ப்ளிஃபயர் பேயாக அலறி—" (அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயிலாம்.)

இரண்டாவது, கொஞ்சம் யோக்கியமானது: குளத்தூர் ஜெயதாஸிடம் மாமனார் வேதமணி நேரே பேசுவதில்லை. காதல் கல்யாணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், "உனக்க மாப்பிளைட்ட சொல்லு மோளே" என்று மகள் வழியாகத்தான் பேச்சு. அப்பேர்ப்பட்டவர் தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை (பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள் செருகிய பாட்டுப் பெட்டியாம்) மருமகனுக்குக் கொடுத்தனுப்பினார். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து பாட்டு கேட்க வருவதாகவும் சொல்லியனுப்பினார்.

3

கிறிஸ்துமஸ் என்றால் இந்தப் பக்கத்து வீடுகளில் நாற்காலியின் அடிப்பக்கம்வரை துடைப்பார்கள். ஆம்ப்ளிஃபயரை விடுவார்களா? ஜெயதாஸ் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறப்போட்டு [உள்ளே கரண்ட் பதுங்கியிருக்குமாம், விரலை விட்டால் தூக்கியடிக்குமாம்], வால்வின் கண்ணாடியைத் தொடாமல் அடியைப் பிடித்து, முறுக்காமல் லேசாக ஆட்டி ஒவ்வொன்றையும் அதன் குழியிலிருந்து நேர்மேலே உருவினான். எல்லாம் ஒழுங்கு. பிறகு ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தான். கண்ணாடிமேல் அச்சடித்திருந்த நம்பர்களும் துணியோடு போய்விட்டன.

"எது எந்தக் குழியில உள்ளதுண்ணு இனி எப்பிடித் தெரியும்?" என்றாள் சிஜி.

"எல்லாம் ஒருபோல இருக்கு."

இடம் மாற்றிச் செருகி ஸ்விட்சைப் போட்டால் புகைதான். மாமனார் கொடுத்த ஒரே பொருள்.

4

(இங்கே அவனுக்கு ஷாக் அடிக்கவைத்து, மாமனாரை அழவைக்கலாமா என்று கேட்டேன். "எனக்க மாப்பிளைய கொன்னு போடாதிய, கேட்டியளா" என்றாள் சிஜி. ஒரு கதாபாத்திரம் எழுத்தாளனையே மிரட்டுவது என்பது— சரி, விடுங்கள்.)

அவன் பெருமூச்சுதான் விட்டான். கையிலிருந்த கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்த ஆவியில் அழிந்த நம்பர் மங்கலாகத் தெரிந்தது. ஊத ஊத, குழியோரம் எழுதியிருந்த நம்பரோடு பொருத்திப் பார்க்க, ஒவ்வொன்றும் தன் குழியைச் சேர்ந்தது. கடைசி இரண்டு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் வேதமணி வந்துவிட்டார்.

5

மருமகன் ஊதுவதைப் பார்த்தார். ஒரு வால்வை எடுத்து ஊதினார், இருமல்தான் வந்தது. வழக்கம்போல் மகளைத் தேடினார். அவள் வேண்டுமென்றே அடுக்களைக்குப் போயிருந்தாள்.

"எனக்கு மூச்சு காணாது" என்று சுவரிடம் சொன்னார். பிறகு வால்வை மருமகனிடம் நீட்டினார்.

"நீ ஊது மக்கா."

ஜெயதாஸ் வால்வை வாங்கி அதன்மேல் குனிந்தான், மாமனாரும் குனிந்தார்.

6

நம்பர் தெரிந்ததா, பாட்டு வந்ததா, புகை வந்ததா? மூன்றையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே கண்ணாடிமேல் குனிந்து நிற்கிறார்கள். அவர்களை நிமிர்த்த எனக்கு மனம் வரவில்லை. அவசரம் என்றால் நீங்களே ஊதிப் பாருங்கள்.