காமாக்ஷி என்றொரு ஃபோல்டர்

கணவர் சந்திரமௌலி காலமாகி நான்காவது மாதம், காமாக்ஷி அவருடைய லேப்டாப்பை முதல் முறையாகத் திறந்தாள். பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஏதோ டக் டக்கென்று அடித்துக்கொண்டது. திரையில் நாலு வெள்ளை எழுத்து வந்து, அதோடு நின்றுபோயிற்று.

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. குழந்தைகள் பிறக்கவில்லை. அவர் மண் பரிசோதனை எஞ்சினியர். கட்டடம் எழுப்புமுன் தரையைத் துளைத்துப் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று சொல்கிறவர். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டி முன்னால்தான் உட்காருவார். என்ன எழுதுகிறீர்கள் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

மறுநாள் காலை லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆழ்வார்பேட்டைக்குப் போனாள். மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த லாரன்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். திருகுகளைக் கழற்றி, சீட்டுக்கட்டு அளவில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். புதுசு மாட்டினால் லேப்டாப் ஓடிவிடும், பழையதில் இருப்பதை எடுப்பதுதான் கஷ்டம் என்றார். அதை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து மூன்று தடவை முயன்றபின், ஃபோல்டர்களின் பெயர்கள் திரையில் வந்தன.

"ரொம்ப நேரம் தாங்காதும்மா. இப்போ ஏதோ ஓடிக்கினு கீது. எது முக்கியமோ அத்த முதல்ல சொல்லுங்க" என்றார் லாரன்ஸ்.

ஒவ்வொன்றாக வாசித்தார். பாலாறு, எண்ணூர், பில், வரைபடம். அப்புறம், காமாக்ஷி.

அது யார் என்று லாரன்ஸ் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "அது நான்தான். அதை முதல்ல எடுங்கோ."

இருபது நிமிஷத்தில் அது மட்டும் நகலானது. அடுத்த ஃபோல்டரைத் தொட்டதும் டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கிவிட்டது. லாரன்ஸ் மதியம்வரை போராடிப் பார்த்தார். மற்றதெல்லாம் போனதுதான் என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது என்று காமாக்ஷிதான் அவரைச் சமாதானப்படுத்தினாள். புது டிஸ்க்கில் அந்த ஒரு ஃபோல்டரைப் போட்டு, எப்படித் திறப்பதென்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளால் உட்காரவே முடியவில்லை. வாய் திறந்து சொல்லாத மனுஷர், எழுதியாவது வைத்திருக்கிறாரே.

வீட்டில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திறந்தாள். காமாக்ஷி நகர் விரிவுப் பகுதி, மண் பரிசோதனை, ஐம்பத்திரண்டு குழிகள் என்று இருந்தது. பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லாத காலத்தில் கம்ப்யூட்டர் பழகியவர்; அந்தப் பழக்கத்தில் 'நகர்' என்பதை வெட்டிவிட்டிருக்கிறார்.

காமாக்ஷிக்கு அழுகை வரவில்லை. லாரன்ஸிடம் 'அது நான்தான்' என்று சொன்னது நினைவுக்கு வந்து முகம் சுட்டது. மூடிவிடலாம் என்று கை போனது. மூடிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் படிக்க ஆரம்பித்தாள்.

தேதி போட்டு தினமும் ஒரு வரி எழுதியிருந்தார். எத்தனை ஆள், எத்தனை மீட்டர், மழையா வெயிலா. மார்ச் பதினாலாம் தேதிக்கு நேரே, 'அரை நாள் மட்டும். சொந்த வேலை' என்று இருந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் முழங்கையைப் பிடித்து, படி இருக்கு, படி இருக்கு என்று இறக்கிக் கூட்டிவந்தார். வேறெதுவும் பேசிய ஞாபகம் இல்லை.

அடுத்த வரி: ஏழாம் குழி, நான்கு மீட்டரில் களிமண். அதையும் படித்தாள். வெளிச்சம் குறைந்தபோது எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, எட்டாம் குழிக்குப் போனாள்.