கதவருகே எட்டு விநாடி

ரெண்டர் மறுபடியும் அதே இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. திரையில் பச்சைக் கோடு முதல் பாதியை ஒரே ஓட்டமாக ஓடிக் கடக்கும். அதற்கப்புறம் யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றுவிடும். நகர்கிறதா, நின்றே போய்விட்டதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வெட்டி ஒட்டி, நிறமும் ஒலியும் சேர்த்து வைத்த துண்டுகளையெல்லாம் மிஷின் ஒரே படமாக ஆக்கிக் கொடுப்பதற்குத்தான் ரெண்டர் என்று பெயர். இது என்னமோ மூன்று மணி நேரக் காவியம் இல்லை, நான்கே நிமிடப் படம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகும் குழந்தைகள் பயப்படாமல் இருக்க, உள்ளே என்னென்ன நடக்கும் என்று காட்டுகிற படம். நாளைக் காலை குழந்தைகள் வார்டு டிவியில் அது ஓட வேண்டும்.

அந்த அறையில் எடிட்டிங் செய்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அறையை ஆரம்பித்தவள். இன்னொருத்தி அவளுடைய தம்பி மனைவி. தம்பி மனைவிக்கு வீட்டில் துருவி என்று பெயர்; புருஷன் வைத்தது. மிக்ஸி நின்றுபோனால் கழற்றிப் பார்ப்பாள். எதிர்வீட்டில் பூட்டு மாற்றினால், ஏன் மாற்றினார்கள் என்று தெரிகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. நாத்தனாரை அவள் அண்ணி என்று கூப்பிடுவாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மிஷின் ஒன்றுதான். அதனால் காலையில் அண்ணி உட்காருவாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சமையலை முடித்துவிட்டு மத்தியானத்திலிருந்து துருவி உட்காருவாள். ஒருத்தி எழுந்திருக்கும்போது நாற்காலியைத் துடைத்து மற்றவளுக்குக் கொடுப்பாள். அவ்வளவு மரியாதை.

"மறுபடியும் நின்னுடுச்சுமா" என்றாள் அண்ணி அன்று மத்தியானம், எழுந்து இடம் விட்டபடி. "நான் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் ஒரு நாள் டைம் கேட்டுப் பார்க்கிறேன். அவங்க ஒத்துக்கல, இதுவும் முடியலன்னா... கதவைச் சாத்திடலாம்னு இருக்கேன். கீழ சலவைக் கடைக்காரர் ரொம்ப நாளா இந்த இடத்தைக் கேட்டுட்டிருக்கார். மிஷினும் பழசாயிடுச்சு, நானும் பழசாயிட்டேன்."

கீழிருந்து இஸ்திரி ஆவி ஏறி வரும் அந்த அறையை, சரியாக மூடாத அதன் ஜன்னலை, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலியை, துருவி தன் வீட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நேசித்தாள். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. அண்ணியிடமும் சொல்லவில்லை.

"சரிங்க அண்ணி" என்றாள்.

இவளுக்கு வாய் இல்லையா என்று நினைத்துவிடாதீர்கள். புருஷனிடம் வாய் கிழியப் பேசுவாள். அண்ணி முன்னால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. கல்யாணமாகி வந்த புதிதில், "பெரியவ சொன்னா மறுத்துப் பேசாதே" என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னார். ஆயிரம் விஷயத்தைக் கேள்வி கேட்டவள், இதை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

அண்ணி படியிறங்கிப் போனதும் துருவி நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இதுவரை செய்யாத வைத்தியம் இல்லை. மிஷினைத் திறந்து தூசி தட்டியாகிவிட்டது. ஃபேன் மாற்றியாகிவிட்டது. டிஸ்க்கில் இடம் போதவில்லையோ என்று பழைய படங்களை வேறு டிஸ்க்குக்குக் குடிபெயர்த்தாகிவிட்டது. சாஃப்ட்வேர் சேர்த்து வைத்திருந்த தற்காலிகக் குப்பையை வழித்துப் போட்டு, கடைசியில் சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டுப் புதிதாகவும் போட்டாயிற்று. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் புருஷனிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாரேன்" என்பான். வேறு வழியில்லாமல் அதையும் செய்தார்கள்.

மிஷின் பழசு என்று அண்ணி சொன்னதை அவள் திரும்பத் திரும்ப யோசித்தாள். பழசு என்றால் முழுப் படத்துக்கும்தானே பழசு? முதல் பாதிக்கு மட்டும் இளமை திரும்புமா என்ன? இந்தக் கேள்வி வந்ததும் பயம் கொஞ்சம் விலகி, பழைய அரிப்பு தலைதூக்கியது. கடையை மூடுவதோ வைப்பதோ அப்புறம். இது ஏன் என்று தெரிந்தாக வேண்டும்.

படத்தை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை மட்டும் ரெண்டர் போட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. இரண்டாம் பாதியைப் போட்டாள். படுத்துக்கொண்டது. நிறுத்திவிட்டு அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கினாள். பின்பகுதி ஓடியது, முன்பகுதி படுத்தது. அதையும் பாதியாக்கினாள். கள்ளன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்தது; அப்புறம் எந்த வீடு என்று தெரிந்தது. கடைசியில் எட்டே எட்டு விநாடி மிஞ்சியது.

அது எந்த எட்டு விநாடி என்று பார்த்ததும், "அய்யோ" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

ஆபரேஷன் அறைக் கதவு வரை குழந்தையைத் தள்ளுபடுக்கையில் கொண்டுவருகிறார்கள். அதற்கு மேல் அம்மா உள்ளே போகக் கூடாது. கதவு மூடுகிறது. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் அம்மாவின் முகத்தைக் காட்ட வேண்டும் என்பது துருவியின் எண்ணம். அண்ணிக்கோ, கூட நடந்து வரும் நர்ஸைத்தான் காட்ட வேண்டும். எண்ணம்தான், இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டதில்லை.

முதல் முறை மத்தியானம் வந்து பார்த்தபோது, தான் வைத்த அம்மா இருந்த இடத்தில் நர்ஸ் இருந்தாள். துருவி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி வைத்ததை அழிக்கக் கை வருமா? அழிக்காமல் அதன்மேலேயே அம்மாவின் வேறொரு ஷாட்டை வைத்தாள். அடியில் தன்னுடையது கிடப்பதைப் பார்த்தால் அண்ணிக்கு மனசு கஷ்டமாக இருக்குமே என்று, இரண்டையும் சேர்த்து ஒரே கிளிப்பாகத் தெரியும்படி பொட்டலம் கட்டிவிட்டாள். சாஃப்ட்வேரில் அதற்கு வசதி இருக்கிறது. மறுநாள் பார்த்தால் மறுபடி நர்ஸ். இவளும் விடவில்லை, மறுபடி மேலே ஒன்றை வைத்துப் பொட்டலம். இப்படி அவ்வப்போது ஒரு நாள் என்று பல தடவை நடந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு விநாடிதானே?

இப்போது அந்தக் கிளிப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு நர்ஸ், அவளுக்கு அடியில் ஒரு பொட்டலம். அதைத் திறந்தாள். ஒரு அம்மா, அடியில் பொட்டலம். திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தது. அவள் மட்டுமா அழிக்காமல் விட்டாள்? அண்ணியும் எதையும் அழிக்கவில்லை. அவளும் மேலே வைத்து, அவளும் பொட்டலம் கட்டியிருந்தாள். நர்ஸ், அம்மா, நர்ஸ், அம்மா என்று ஒரு ரயில் வண்டியே அந்த எட்டு விநாடிக்குள் நின்றுகொண்டிருந்தது.

மிஷின் ஏன் அழுதது என்று இப்போது புரிந்தது. ஆஸ்பத்திரி நடையில் வெளிச்சம் குறைவு. படமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. அதைச் சுத்தம் செய்யும் ஃபில்டரை ஒவ்வொரு துண்டுக்கும் போட்டிருந்தார்கள். அது மிஷினின் முதுகை ஒடிக்கிற வேலை. போதாததற்கு, ஒட்டு தெரியக் கூடாதென்று இரண்டு பேருமே தங்கள் துண்டின் ஓரத்தை இலேசாக மங்கலாக்கியிருந்தார்கள். ஓரம் மங்கலென்றால் அடியில் இருப்பது கொஞ்சம் தெரியலாமல்லவா? அதனால் பாவம் அந்த மிஷின், யாருமே பார்க்கப்போகாத அத்தனை அம்மாக்களையும் நர்ஸ்களையும் அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

துருவி வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. படியில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது.

இரண்டு விசையில் வேலை முடிந்துவிடும். மேலே இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டு, "மிஷின் சரியாயிடுச்சு அண்ணி" என்று பூசி மெழுகிவிடலாம். மேலே இருப்பது அண்ணியின் நர்ஸ். அவளுக்கும் சந்தோஷம், கடையும் பிழைக்கும். துருவியின் விரல் விசைக்கு மேலே நின்றது. அங்கேயே நின்றது. அந்த நர்ஸை அவளுக்குப் பிடிக்கவில்லை. உண்மையாகவே பிடிக்கவில்லை.

"டைம் தரமாட்டேன்னுட்டாங்க" என்று உள்ளே வந்த அண்ணி, திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குங்க அண்ணி. நாமதான்..." துருவி பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரையில் பரப்பியிருந்தாள்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "இத்தனையா? இதுல பாதி நீயா?"

"பாதி நீங்க."

அண்ணியின் முகம் சிவந்தது. "எனக்குப் பிடிக்கலேன்னு தெரிஞ்சும் திரும்பத் திரும்ப வெச்சிருக்க."

"நீங்களும்தானே வெச்சிருக்கீங்க?"

இந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று துருவிக்கே சந்தேகம். வந்தது வந்துவிட்டது.

"அழுதுகிட்டு நிக்கிற அம்மாவைக் காட்டினா, பார்க்கிற குழந்தை அழாதா? உனக்கு ஏன் இது தோணல?" என்றாள் அண்ணி.

"அம்மாவைக் காட்டலேன்னா அம்மா எங்கேன்னுதான் அது தேடும். படம் முழுக்கத் தேடும். அதுக்கப்புறம் டாக்டர் சொல்றது ஒண்ணும் அது காதுல ஏறாது."

"நர்ஸ் சிரிச்ச முகமா இருக்கா. தைரியமா இருக்கும்."

"யாரோ ஒருத்தி சிரிச்சா என்ன, சிரிக்காட்டி என்ன? எந்தக் குழந்தைக்கு நர்ஸைத் தெரியும்?"

"எனக்கு இந்த வேலையில எத்தனை வருஷ அனுபவம் தெரியுமா?"

"அனுபவம் இருந்தா? எல்லாத்துலயும் சரியா இருப்பீங்களா?"

குரல் ஏறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒலி அதிகம் வைக்கிறாய் என்று அண்ணி சொல்ல, நீங்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சளடிக்கிறீர்கள் என்று இவள் சொல்ல, இந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழைய படங்களெல்லாம் வெளியே வந்தன. கீழே இஸ்திரிப் பெட்டிச் சத்தம் நின்றது. சலவைக் கடைக்காரர் படியடியிலிருந்து, "மேல எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கோம்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இதையெல்லாம் இத்தனை நாள் எங்க வெச்சிருந்த?"

துருவி கையை நீட்டி அந்த மூடாத ஜன்னலை இழுத்துச் சாத்தப் பார்த்தாள்.

"நான் எது சொன்னாலும் சரிங்க அண்ணிம்ப. பிடிச்சிருக்கா, பிடிக்கலையான்னே தெரியாது. என் தம்பிக்காகக் கடனேன்னு வந்து உட்கார்றன்னு நினைச்சேன். மிஷின் பழசுன்னு சொல்லிச் சாத்திட்டா, நீயும் தப்பிச்சுப்ப, எனக்கும் அசிங்கமா இருக்காதுன்னு..." அண்ணி முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

ஊரில் உள்ள பூட்டையெல்லாம் ஏன் என்று கேட்ட துருவி, இந்த மனுஷி ஏன் கடையை மூட நினைக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாளா? மிஷினைத்தான் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள்.

"மூடாதீங்க அண்ணி" என்றாள். "எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க நர்ஸைத்தான் பிடிக்கல."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

துருவி மவுஸைப் பிடித்தாள். அம்மாக்களில் கண் கலங்காத ஒருத்தி இருந்தாள். கதவு மூடும்வரை குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். அதை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். தான் வைத்த மற்ற அம்மாக்களை வரிசையாக அழித்தாள். பிறகு அம்பை மேலே இருந்த நர்ஸின்மேல் கொண்டுபோனாள்.

"அது என்னோடது" என்றாள் அண்ணி.

"ஆமா." அழித்தாள். அடுத்த நர்ஸ், அதற்கடுத்த நர்ஸ் என்று எல்லாவற்றையும் அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தாள். அண்ணி தடுக்கவில்லை.

ரெண்டர் போட்டார்கள். கோடு பாதியை எட்டியபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது பாட்டுக்கு ஓடிக் கடந்து போய்விட்டது. முடிந்த படத்தை அண்ணி முதலிலிருந்து கடைசிவரை இமைக்காமல் பார்த்தாள். கதவு வரும் இடத்தில் உதட்டைச் சுழித்தாள்.

"எனக்கு இது பிடிக்கல" என்றாள்.

"சரிங்க அண்ணி" என்று சொல்ல வாயெடுத்த துருவி, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"பிடிக்கல" என்று இன்னொரு தடவை சொன்னாள் அண்ணி. "அனுப்பு."