ஹெல்மார் பள்ளிக்கூடம் ஏரியைக் கடந்த வருடம்

ஹெல்மார் பள்ளிக்கூடம் 1983ஆம் ஆண்டு அக்டோபர் பதினொன்றாம் தேதி, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, வடமேற்காக ஓர் அங்குலம் நகர்ந்தது. அந்த நேரத்தில் உள்ளே எண்பத்து நான்கு பிள்ளைகளும் ஒன்பது ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. மறுநாளும் ஓர் அங்குலம், அதற்கு மறுநாளும் ஓர் அங்குலம். வெள்ளிக்கிழமைதான் ஆரின் பிட்ஸ் கண்ணில் பட்டது. முப்பது வருடமாக அந்தக் கட்டிடத்தைப் பெருக்கித் துடைத்து, அதன் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வாசல்படிக்கும் நடைபாதைக்கும் நடுவே தன் பூட்ஸ் அகலத்துக்கு ஓர் இடைவெளியைப் பார்த்துவிட்டுப் பள்ளிக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார்.

“மார்லிஸ், கொஞ்சம் வெளிய வந்து பாருங்க. படி நகர்ந்திருக்கா, இல்ல நான் காலையிலயே குடிச்சிருக்கேனா, நீங்கதான் சொல்லணும்.”

மார்லிஸ் ஓடகார்ட் வெளியே வந்து பார்த்தார். மண் உறைந்து இறுகுகிறது, டகோட்டாவில் இது வருடாவருடம் நடப்பதுதான் என்றார். சொல்லிவிட்டு, நான்கு மரக்குச்சிகளைக் கூர்சீவிச் சுவரை ஒட்டி அடித்துவைக்கும்படி ஆரினிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

மார்லிஸுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. அதே பள்ளியில் படித்து, அதே பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் அதை நடத்த வந்தவர். ஆசிரியர்களை எடுப்பது, பேருந்து நேரம் குறிப்பது, யாராவது காய்ச்சலில் படுத்தால் அந்த வகுப்பில் போய் நிற்பது, பனிப்புயல் நாளில் பள்ளி உண்டா இல்லையா என்று வானொலிக்குச் சொல்வது எல்லாம் அவர் வேலை. அவருக்கு மேலே ஐந்து பேர் கொண்ட பள்ளி வாரியம். ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். மாதம் ஒருமுறை நூலக அறையில், சிறுபிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து கூடுவார்கள். தலைவர் டுவேன் லைன்ட்ஸ், கோதுமை விவசாயி. இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது. இருபது மைல் தள்ளி இருக்கும் மெர்வில் ஏற்கெனவே இரண்டு சிற்றூர்களின் பள்ளிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. மூன்றாவது ஹெல்மார்தான் என்று மளிகைக் கடையில் நிற்கிறவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். ஒழுங்காக, சிக்கனமாக நடக்கிற பள்ளியை யாரும் தொடமாட்டார்கள் என்று மார்லிஸ் நம்பினார். அதனால்தான் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் பேருந்து வரைபடத்தை விரித்து, வடமேற்கு வழித்தடத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். ஒன்பது மைல் தூரம், ஓட்டுநர் ஓய்வு பெற்றுவிட்டார், ஏறுவது ஒரே ஒரு பிள்ளை. டுவேன் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், நான்குக்கு ஒன்று என்று நிறைவேறியது. காபி ஆறுவதற்குள் முடிந்த காரியம் அது.

அந்த ஒரே பிள்ளையின் பெயர் கோரா ரஸ்டட். ஒன்றாம் வகுப்பு. அப்பா எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். அம்மா லவான், முப்பது மாடுகளையும் ஒரு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். செப்டம்பர் முழுக்கப் பழைய டிரக்கில் மகளைக் கொண்டுவந்து விட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் டிரக்கின் அச்சு முறிந்தது. அதன்பிறகு கோரா வரவில்லை. விதிப்படி பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போனது, பத்து நாள் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றிலும் கீழே மார்லிஸ் கையெழுத்து.

குச்சிகளை வைத்து அளந்ததில், தூரம் கூடிக்கொண்டே போவது தெரிந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு நாளைக்கு ஓர் அடி. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு முந்தைய வாரம் கட்டிடம் விளையாட்டு மைதான வேலியைத் தாண்டியது. வேலி உடையவில்லை, பள்ளி அதைத் தாண்டிப் போயிருந்தது, அவ்வளவுதான். கொடிக்கம்பம் மட்டும் பழைய இடத்திலேயே தனியாக நின்றது. அதற்குமேல் மறைக்க முடியாமல் போயிற்று. ஆரின் மின்கம்பியை நீட்டி நீட்டிக் கட்டினார். தண்ணீரைப் பால் லாரியில் கொண்டுவந்தார்கள். வெளியே இரண்டு மரக் கழிப்பறைகளைச் சறுக்குக் கட்டைமேல் வைத்து, பள்ளிக்குப் பின்னாலேயே இழுத்துப் போனார்கள். ஜனவரியில் பள்ளி டுவேன் லைன்ட்ஸின் வயலைக் கடந்தது. பனிக்கு அடியில் இருந்த இளங்கோதுமைப் பயிர் ஒன்றுகூட மடங்கவில்லை என்பதை அவர் மண்டியிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனி, ஞாயிறு நகரவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நகரவில்லை. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது மட்டும்தான் நகர்ந்தது என்பதால் தாய்மார்களுக்குச் சோறு இறங்கவில்லை. சிலர் காலையில் பேருந்துக்குப் பின்னாலேயே காரை ஓட்டி வந்து, ஒன்பது மணி தாண்டும்வரை கண்ணாடிக்குள்ளிருந்து கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்கள். மார்லிஸ் வகுப்பு வகுப்பாக ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்துப்போய், மேஜைமேல் வைத்து, எந்த நொடியில் கட்டிடம் நகர்கிறது என்று பார்க்க உட்கார்ந்தார். எட்டு நாள் எட்டு வகுப்புகளில், தண்ணீர் ஆடியபோது அங்கே நடந்துகொண்டிருந்த எதற்கும் அதற்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஒன்பதாவது நாள் ஒன்றாம் வகுப்பு. ஆசிரியை அயோன் ட்வைட் வருகைப் பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். “கோரா ரஸ்டட்” என்றார். பதில் இல்லை. குவளையில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தந்திக்கம்பம் கடந்து போயிற்று.

மார்லிஸ் தன் அறைக்குப் போய் வரைபடத்தை விரித்தார். பழைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் சேர்த்து அளவுகோலை வைத்தார். கோடு ரஸ்டட் வீட்டு வாசலில் போய் முட்டியது. வழியில், எட்டாவது மைலில், ஏரி.

பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் இதை வாரியத்தின் முன் வைத்தார். வழித்தடத்தைத் திரும்பத் திறந்துவிடலாம் என்றார். டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“ஒரு கட்டிடம் மிரட்டுதுன்னு வாரியம் பணிஞ்சு போகணுமா? நாளைக்கு கொதிகலன் சம்பள உயர்வு கேக்கும், அதுக்கும் ஓட்டெடுப்பு நடத்துவோமா?”

“உங்க ரெண்டு பையனும் அந்தக் கட்டிடத்துக்குள்ளதான் இருக்காங்க, டுவேன்.”

“அதனாலதான் சொல்றேன். ஒருத்தருக்குத் திறந்தா, கடைக்கோடியில இருக்குற எல்லாரும் கேப்பாங்க. மெர்வில்காரன் சிரிப்பான்.”

முடிவெடுக்காமலேயே கலைந்தார்கள். மார்லிஸ் நான்காவதாக ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை கையால். லவான் அதைப் பிரிக்கவில்லை. மார்லிஸ் நேரில் போயிருக்கலாம். இருபது நிமிடப் பயணம். இரண்டு முறை கார் சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்த கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. இதை அவர் பின்னாளில் எங்கள் எல்லாரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

மார்ச் இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூடம் ஏரிக்கரை நாணலில் நின்றது. வெயில் ஏறி, பனிக்கட்டியின் மேல் நீர் நின்ற நாட்கள் அவை. அன்று மதியம் அவசரக் கூட்டம் கூடியது. பதிவேட்டிலிருந்து கோராவின் பெயரை எடுத்துவிட்டால் கூப்பிடவும் வேண்டாம், நகரவும் வேண்டாம் என்றார் டுவேன். மூன்றுக்கு இரண்டு. அயோன் ட்வைட் அழைக்கப்பட்டு, எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைக் கருப்பு மையால் அடித்தார். கீழே இருந்த பெயரிலும் கொஞ்சம் மை பட்டது. மார்லிஸ் ஓரத்தில் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை அயோன் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, அடித்த வரியைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். பதினோரு பிள்ளைகள். அவர்களுக்கு அந்த வரிசை பாட்டுப் போல மனப்பாடம். ஆசிரியை மறந்துவிட்டார் என்று நினைத்துப் பதினோரு பேரும் சேர்ந்து உரக்கச் சொன்னார்கள்: “கோரா ரஸ்டட்!”

கட்டிடம் கரையை விட்டு இறங்கி, உறைந்த ஏரியின் மேல் முக்கால் மைல் போய் நின்றது. எதிர்க்கரைக்கு இன்னும் இருநூறு கெஜம்தான் பாக்கி. அடியில் எங்கோ ஒரு நீண்ட விரிசல் ஓடும் சத்தம், சமையலறையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. ஆரின் வாசல்படியிலிருந்து ஒரு கம்பால் தட்டிப் பார்த்துக் காலை வைத்தார். தொடைவரை உள்ளே போயிற்று. அவரை இழுத்து மேலே ஏற்றினார்கள். பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போக வழியில்லை. மார்லிஸ் அன்று காலை இரண்டாம் எண் பேருந்தை ஓட்டி வந்தவர் என்பதால் இன்னும் கரையில்தான் இருந்தார். கட்டிடம் போவதைப் பார்த்தார். திரும்பிப் பேருந்தில் ஏறி, வாரியம் மூடிய அந்தச் சாலையில் ஏரியைச் சுற்றி ஓட்டினார். வழியெல்லாம் தன் வாய் சத்தமாக எண்களை எண்ணிக்கொண்டிருந்ததை ரஸ்டட் வீட்டு வாசலில் நின்றபோதுதான் உணர்ந்தார். எண்பத்து நான்குவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து.

லவான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து கதவைத் திறந்தார்.

“என்ன, கடுதாசி எல்லாம் தீர்ந்துபோச்சா?”

“தீர்ந்துபோச்சு.”

“உன் கட்டிடம் ஏரிமேல நிக்குது. ஜன்னல்லயே தெரியுது. அதனாலதானே வந்திருக்கே?”

“ஆமா. இதுக்கு முன்னாடியே வந்திருக்கணும். வர மூஞ்சி இல்ல.”

“அந்த மேப்புல கோடு போட்டது யாரு?”

“நான்தான்.”

லவான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். குழந்தை அவர் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. “நீ டுவேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “கோரா, கோட்ட மாட்டு. பூட்ஸ கால் மாத்திப் போடாத,” என்று கூப்பிட்டார்.

கோரா வந்தாள். ஆறரை வயது, முன்பல் இரண்டு இல்லை. ஏரிக்கு இறங்கும் மேய்ச்சல் நிலத்தில் மார்லிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“மிஸ் ட்வைட் எம்மேல கோவமா இருக்காங்களா?”

“இல்ல கண்ணு. யாருமே உம்மேல கோவமா இல்ல.”

“நான் படிச்சிட்டேதான் இருந்தேன். தீவனப் பையில இருக்குற எழுத்தெல்லாம் படிச்சிட்டேன். புரதம்னா என்ன?”

“வகுப்புல கேளு,” என்றார் மார்லிஸ்.

டுவேன் லைன்ட்ஸ் அந்தக் கரைக்கு முன்பே வந்திருந்தார். டிராக்டரையும் சங்கிலியையும் கொண்டுவந்து, பனிக்கட்டியின் மேல் குப்புறப் படுத்து ஐம்பது அடிவரை ஊர்ந்து போய், அதற்குமேல் போக முடியாமல் நெஞ்சுவரை நனைந்து கிடந்தார். ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அயோன் ட்வைட் ஜன்னலைத் திறந்து, பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் கட்டிடம் இன்னும் நகரும், அந்த மெல்லிய பனிக்கட்டியில் எங்கே போய் நிற்குமோ என்று அவர் வாயைத் திறக்கவில்லை. டுவேன் தலையைத் திருப்பி, கரையில் வந்து நிற்கும் சின்னப் பெண்ணைப் பார்த்தார்.

“கூப்பிடு அயோன்!” என்று கத்தினார். “அவ பேரைக் கூப்பிடு! வந்துட்டா, இங்க நிக்குறா, கூப்பிடு!”

அயோன் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. “கோரா ரஸ்டட்!” என்றார். காற்று எதிராக வீசியது. கோராவுக்குக் கேட்கவில்லை; மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள். ஏரியில் இன்னொரு விரிசல் ஓடியது. உள்ளிருந்து ஒன்றாம் வகுப்பின் பதினோரு பேரும், பிறகு மேல்வகுப்புகளும், சமையல்காரியும், ஆரினும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

“வந்திருக்கேன் மிஸ்!” என்றாள் கோரா.

பள்ளிக்கூடம் மிச்ச ஏரியை அவசரமில்லாமல் கடந்தது. டுவேன் கிடந்த இடத்தில் சற்று ஒதுங்கி, கரையேறி, ரஸ்டட் வீட்டு மேய்ச்சல் நிலத்தில், மாட்டுக் கொட்டகைக்கு முப்பது அடி தள்ளி நின்றது. ஆரின் படியைத் துடைத்துவிட்டார், ஈரமாக இருந்ததால். கோரா உள்ளே போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். அன்று மாலையே ஏரி முழுவதும் உடைந்து தண்ணீராயிற்று.

மார்லிஸ் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். வாரியம் அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தது. அப்படியே பதினோரு வருடம் தள்ளிவைத்தது. பேருந்துகள் மூன்றும் வழி மாறின. ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் ஒன்பது மைல் பயணம் செய்ய, கோரா மட்டும் நடந்து போனாள். டுவேனின் பையன்கள் கடைசி நிறுத்தம் என்பதால் அவர்கள்தான் முதலில் ஏறி, கடைசியில் இறங்கினார்கள். அதற்கு அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை. மெர்வில்லிலிருந்து இரண்டு பேர் வந்து கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்து, அதன் அடியில் குனிந்து பார்த்து, லெஃப்சே ரொட்டியும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு இணைப்புப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. லவானை அடுத்த தேர்தலில் வாரியத்துக்கு அனுப்பினோம். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒவ்வொரு கூட்டமும், யார் யார் வரவில்லை, யார் போய்ப் பார்த்தது என்பதோடுதான் தொடங்குகிறது. சிவப்புப் பென்சில் வாங்குவதில்லை.

1995இல் கோரா பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். அந்த ஜூன் மாதம் முழுக்க ஊரே நிம்மதியில்லாமல் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. செப்டம்பரில், வகுப்புகள் தொடங்கிய நான்காம் நாள், பள்ளி தெற்குப் பக்கமாக அரை மைல் தள்ளி இருந்தது. வாரியம் பட்டியலை எடுத்துப் பார்த்தது. பீட்ரூட் பண்ணை வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு குடும்பம், மொழி தெரியாமல், தங்கள் மகனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. லவான் அன்று மதியமே போய் அழைத்துவந்தார். கட்டிடத்தைத் திரும்ப நகர்த்தும் யோசனையை யாரும் முன்மொழியவில்லை. ஆரினுக்குப் பின் வந்த பராமரிப்பாளர் கூடுதலாக இருநூறு கெஜம் மின்கம்பி வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது தபால்காரர்கள்கூடச் சாலைப்பெயர் கேட்பதில்லை. ‘ஹெல்மார் பள்ளிக்கூடம், அது நிற்கும் இடம்’ என்று எழுதினால் போதும். கடிதம் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும்.