ஆறு நட்டு, ஆறு சிவப்புக் கோடு

விமானத்தின் சக்கரத்துக்கு மேலே விரல் தடிமனில் குழாய்கள் ஓடும். அவற்றுக்குள் இருக்கும் ஆயில்தான் பிரேக்கை அழுத்துகிறது. சைக்கிள் ட்யூபில் இருப்பதைப்போல் ஐம்பது மடங்கு அழுத்தம். அதனால் குழாய்களை இணைக்கும் நட்டைக் குத்துமதிப்பாக முறுக்கக் கூடாது. டார்க் ரெஞ்சில் அளவு வைத்து, அது ‘டக்’ என்று சொல்லும்வரை முறுக்க வேண்டும். பிறகு நட்டின் மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு. முறுக்கியாயிற்று என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

டார்க் ரெஞ்ச் வேண்டுமென்றால் ஸ்டோர்வரை நடந்து, ரெஜிஸ்டரில் எழுதி வாங்க வேண்டும். விமானப் பட்டறையில் எனக்குக் கீழே வேலை பார்த்த என் மச்சினனுக்கு அதற்குக் கால் வலிக்கும். அவன் சாதா ஸ்பேனரில் ஆறு நட்டையும் முறுக்கிவிட்டு, ஒரே மூச்சில் ஆறு கோடும் போட்டுவிட்டான். கையே அளவு சொல்லுமாம். அவனை மட்டும் திட்டி என்ன பயன்? சோதிக்க வேண்டிய நான் டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்தேன், நட்டைத் தொடவில்லை. மனைவியின் தம்பி, நானே சேர்த்துவிட்ட ஆள் என்ற மெத்தனம். கையெழுத்துப் போட்டேன்.

அழுத்தம் ஏற்றியபோது ஒரு நட்டு கழன்றுகொண்டது. கீழே நின்ற எலக்ட்ரீஷியன் முகத்தில் ஆயில் பீய்ச்சியடித்தது. அவருக்கு வலது கண் போயிற்று.

அன்று வீட்டில் மச்சினன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்காக அவன் அக்கா பேசினாள்.

“என்னங்க, இவனுக்கு இப்பதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. உங்களுக்கு இருபது வருஷ சர்வீஸ், உங்கள என்ன பண்ணிடுவாங்க? முறுக்கினது, கோடு போட்டது எல்லாம் நீங்கதான்னு எழுதிக் குடுத்துடுங்க.”

“உயிர் இருக்கறவரைக்கும் மறக்க மாட்டேன் அத்தான்,” என்றான் அவன்.

எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். மறக்க மாட்டேன் என்றவன் நான்கு வருடத்தில் குழுத் தலைவன் ஆனான். ஸ்டோர் ஜன்னலில் சாமான் வாங்க வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று காலை அவனுடைய ஆள் சிவப்பு பெயின்ட் வாங்கிப் போனார். மதியம் போர்டில் ‘பிரேக் குழாய் வேலை முடிந்தது’ என்று எழுதியிருந்தது. அந்த அளவுக்கு இருக்கும் ஒரே டார்க் ரெஞ்ச் காலையிலிருந்து என் எதிரே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெஞ்சோடு தலைமைப் பொறியாளரிடம் ஓடினேன்.

“நீங்க கைப்பட எழுதின லெட்டர் இன்னும் ஃபைல்ல இருக்கு,” என்றார் அவர். “ஒருத்தர் கண்ணு போகக் காரணமா இருந்துட்டு, இப்ப அவன் மேல புகார் சொல்றீங்க. சொந்தக்காரங்க சண்டையெல்லாம் வீட்டோட வெச்சுக்குங்க.”

“சார், ரெஞ்ச் பாருங்க, என் கைல இருக்கு.”

“பக்கத்து டீம்ல இரவல் வாங்கியிருப்பான். போய் வேலையப் பாருங்க.”

பக்கத்து டீமிடம் அந்த அளவு ரெஞ்சே கிடையாது. என் பேச்சுக்கு மதிப்பு இல்லாமல் செய்தது நானேதான். ஸ்டோருக்குத் திரும்பி, ஒரு துணியைப் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்துக்கொண்டு விமானத்துக்குப் போனேன். மச்சினன் குறுக்கே வந்தான்.

“அத்தான், ஸ்டோர் ஆளுங்க இங்க வரக் கூடாது.”

“ரெஞ்ச் எடுக்காம எப்படி முறுக்கின?”

“அதான் கோடு இருக்குல்ல, பாருங்க.”

பார்த்தேன். ஆறும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. அவன் கையைத் தள்ளிவிட்டு ஆறையும் துடைத்தெடுத்தேன். கோடு இல்லாத நட்டோடு எந்த விமானமும் பட்டறைக் கதவைத் தாண்டாது. ஆறையும் மறுபடி முறுக்கியாக வேண்டும்.

தலைமைப் பொறியாளர் முன்னால் முறுக்கினார்கள். நான்காவது நட்டு கால் சுற்று ஓடிய பிறகுதான் ‘டக்’ என்றது. அனுமதி இல்லாமல் விமானத்தில் கை வைத்ததற்காக செக்யூரிட்டி என்னை ஆபீசுக்கு அழைத்துப்போய் பேப்பரும் பேனாவும் வைத்தார். கோடுகளை அழித்தது நான்தான் என்று எழுதி, அடையாள அட்டையைக் கழற்றி மேலே வைத்தேன்.

வாசலைத் தாண்டும்போது மனைவி போன் செய்தாள். அதற்குள் விஷயம் போயிருந்தது.

“தம்பி வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றாள்.