பதினான்கு கூட்டங்களில் அண்ணன்

வாள்வீச்சுக் கூட்டமைப்பின் அலுவலகம் விளையாட்டரங்கத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கூரை சாய்வாக இறங்கும். வாசலில் நிமிர்ந்து வருகிறவர் பீரோவை நெருங்கும்போது தலையைக் குனிந்தே ஆகவேண்டும். அப்படிக் குனிந்து, கூட்டக் குறிப்புகள் எழுதும் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள் டீச்சர்.

பகலில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை, மாலையில் கூட்டமைப்பின் செயலாளர். தலைவரிலிருந்து டீக்கடைக்காரர்வரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

கூட்டமைப்புக்கு எட்டு வயது. இப்படிப்பட்ட இளங்குருத்துகளைத் தேறின கூட்டமைப்பு ஒன்றோடு ஓராண்டுக்குச் சேர்த்துவைத்து, நிர்வாகத்தைச் சீர்படுத்த உலக அமைப்பு ஒரு திட்டம் வைத்திருந்தது. அதில்தான் தமிழ் தெரிந்த ஒரு பெண் கடல் தாண்டி வந்திருந்தாள். டீச்சர் வயதுதான் இருக்கும். நடுவராக இருந்து, பிறகு தன் நாட்டுக் கூட்டமைப்பின் செயலாளர் ஆனவள். தலைவர் முதல் நாளே அவளுக்கு 'வழித்துணையம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். "வழித்துணையா, வேவு பார்க்க வந்ததான்னு போகப் போகத் தெரியும்" என்று டீச்சரின் காதில் கிசுகிசுக்கவும் செய்தார்.

வழித்துணையம்மா மூன்று நாள் உட்கார்ந்து மினிட்ஸ் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"டீச்சர், உங்க துணைத் தலைவரை நான் பார்த்தே ஆகணும். இந்தப் புத்தகத்துல உருப்படியா பேசுற ஒரே ஆளு அவருதான்."

"அவரு… வெளியூர்ல இருக்காரு."

"போன்லயாவது பேசலாமே?"

"சொல்லிப் பார்க்கறேன்" என்றாள் டீச்சர்.

துணைத் தலைவர் டீச்சரின் அண்ணன். கூட்டமைப்பைத் தொடங்கியவர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

செயற்குழுவில் ஏழு பேர் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரு இடம் காலியானால் அறுபது நாளுக்குள் பொதுக்குழுவைக் கூட்டித் தேர்தல் நடத்தவேண்டும். பொதுக்குழு கூட ஐந்து சங்கங்கள் தேவை. அண்ணனோடு அவருடைய சங்கமும் படுத்துவிட்டதால் மிச்சம் நான்குதான். உலக அமைப்புக்குத் தெரிந்தால் அங்கீகாரம் போகும். பிள்ளைகள் எந்தப் போட்டிக்கும் போகமுடியாது. முப்பதாம் நாள் காரியம் முடிந்து வந்த கூட்டத்தில் தலைவர்தான் சொன்னார்: "ஒரு தடவைதானே டீச்சர். உங்களுக்கு அவரு கையெழுத்து வருமில்ல?"

வந்தது. சின்ன வயதில் அப்பாவுக்குப் பயந்து அண்ணனின் மதிப்பெண் அட்டையில் அவள் போடாத அப்பா கையெழுத்தா?

ஒரு தடவை பதினான்கு தடவை ஆயிற்று. ஆறு பேரும் வாய் திறக்கவில்லை. அண்ணனின் நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை. டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஏழு டம்ளர் கொண்டுவருவார். ஏழாவது டீ ஆறி, ஆடை படிந்து, அப்படியே திரும்பிப் போகும். அதைப் பார்க்காமலிருக்க ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

முதல் இரண்டு கூட்டங்களில் கையெழுத்து மட்டும்தான். மூன்றாவதின் குறிப்பை வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து எழுதும்போது, தேர்வுப் பட்டியலில் தலைவர் தன் தங்கை மகனைச் செருகியிருந்தது டீச்சரை உறுத்தியது. கூட்டத்தில் எதிர்க்கத் தைரியம் வரவில்லை. 'துணைத் தலைவர் ஆட்சேபித்தார்' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் முதுகுப் பக்கம் அண்ணன் தொண்டையைக் கனைத்ததுபோல் இருந்தது. திரும்பினால் குக்கர்தான்.

அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது தலைவருக்கு முகம் வெளுத்தது. பிறகு சிரித்து மழுப்பினார். "உங்கண்ணன் செத்தும் விடமாட்டேங்கறாரே!" தங்கை மகன் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. அன்றுமுதல் டீச்சர் சொல்ல நினைத்ததையெல்லாம் அண்ணன் சொன்னார். நடுவர்களுக்கு எழுத்துத் தேர்வு வேண்டும் என்றார். பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை கேட்டார். வீரர்களின் பிரதிநிதி ஒருவர் குழுவில் உட்காரவேண்டும் என்றார். உயிரோடிருந்தபோது அவர் இவ்வளவு பேசியதில்லை.

"ஒண்ணு மட்டும் இடிக்குது டீச்சர்" என்றாள் வழித்துணையம்மா, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து. "பேசின பதினோரு கூட்டத்துல இவரு ஒரே மனுஷன். ஒன்பதாவது கூட்டத்துல மட்டும் வேற யாரோ மாதிரி இருக்காரு. இதைப் படிங்க."

ஒன்பதாவது கூட்டம் நடந்தபோது டீச்சர் டைபாய்டில் படுத்திருந்தாள். குறிப்பை எழுதியவர் பொருளாளர். அடுத்த கூட்டத்தில், எழுந்து நிற்கவே தெம்பில்லாத நிலையில், படித்துப் பார்க்காமல் அதை உறுதிசெய்து கையெழுத்திட்டிருந்தாள். இப்போதுதான் படித்தாள்.

'துணைத் தலைவர் முன்மொழிய, பயிற்சியாளர் மீதான ஆயுள் தடை ஒருமனதாக நீக்கப்பட்டது.' பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து. அவள் போடாதது. கடைசிச் சுழிவுகூட அச்சு அசலாக அப்படியே.

அந்தப் பயிற்சியாளரை எல்லோரும் மீசைக் கோச் என்பார்கள். பயம் தெளியட்டும் என்று முகக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை வாளெடுக்க வைத்தவர். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அதில் இடது கண் போயிற்று. அண்ணன் உயிரோடிருந்து செய்த கடைசி வேலையே அந்தத் தடைதான். 'மீசை மறுபடி வந்துட்டாராமே' என்று போன வருஷம் யாரோ சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது. கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டாள். கேட்டால் புத்தகத்தைத் திறக்கவேண்டி வரும்.

"அந்தச் சங்கம் எங்க இருக்கு?" என்றாள் வழித்துணையம்மா.

"பஸ்ல ரெண்டு மணி நேரம்."

"நாளைக்கு ஞாயிறுதானே. போலாம்."

மறுநாள் காலை அவர்கள் போனபோது பழைய கிடங்கு ஒன்றில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எதிரும் புதிருமாக. முகக்கவசங்கள் சுவரோரம் குவிந்து கிடந்தன. ஒரு பையன் ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"நிறுத்துங்க!" டீச்சரின் பள்ளிக்கூடக் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "எல்லாரும் வாளைக் கீழ வைங்க. மாஸ்க்கைப் போடுங்க!"

மீசைக் கோச் பதறவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க டீச்சர். எதுக்கு இந்தக் கோபம்? தடையை எடுத்துட்டாங்க, பேப்பர் இருக்கு. உங்கண்ணன் கையெழுத்தே இருக்கே."

"அது அவரு போட்டதில்ல."

"அட, அப்ப மத்ததெல்லாம் அவரு போட்டதா?" சிரித்தார். "செத்துப்போனவரே என்னை மன்னிச்சிட்டாரு. உயிரோட இருக்கிற உங்களுக்கு என்ன வந்துச்சு?"

வழித்துணையம்மா முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது டீச்சர் எல்லாவற்றையும் கொட்டினாள். மதிப்பெண் அட்டையில் தொடங்கி, ஏழாவது டீவரை.

"அப்ப நான் மூணு நாளா படிச்சது…"

"என் பேச்சுதான். சொல்றதுக்குத் தைரியம் இல்லாம அண்ணன் வாயில வச்சேன். நான் திறந்து வச்ச கதவு வழியா அவங்களும் நுழைஞ்சுட்டாங்க."

வழித்துணையம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எங்க கூட்டமைப்புலயும் ஒரு காலத்துல தில்லுமுல்லு நடந்துச்சு. நாங்க உயிரோட இருக்கிற மூணு பேரைச் செத்துட்டதா எழுதினோம், ஓட்டுப் போடக்கூடாதுன்னு. அதுல ஒருத்தரு தேர்தலன்னிக்கு நேர்ல வந்து நின்னாரு." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நான் உதவி பண்ணத்தான் வந்தேன் டீச்சர். மூடி மறைக்க இல்ல. உலக அமைப்புக்கு நீங்களே எழுதுங்க, நான் கூட உட்காருறேன். நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன். அதை இப்பவே சொல்லிடறேன்."

டீச்சர் திங்கட்கிழமை எழுதினாள். நாலு பக்கம். தலைவர் போனில் கத்தினார்: "குடியிருக்கிற வீட்டுக்கே கொள்ளி வைக்கிறீங்களே!" பொருளாளர் கத்தவில்லை. ஒன்பதாவது கூட்டத்தின் கையெழுத்தைத் தானே போட்டதாகவும், அதற்கு ஒரு வாரம் பழகியதாகவும் மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது வெட்கமா பெருமையா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை.

கடிதத்தை அனுப்பிய மறுநாள் மாலை டீச்சர் அண்ணி வீட்டுக்குப் போனாள். ஊரார் வாயில் கேட்பதைவிடத் தன் வாயால் கேட்கட்டும் என்றுதான். அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிவில் ஒன்று மட்டும்தான் சொன்னாள்.

"அந்தப் புத்தகத்தைக் காட்டு."

டீச்சர் நகலெடுத்து வந்திருந்தாள். அண்ணி பக்கங்களை மடியில் வைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டொரு இடத்தில் உதடு அசைந்தது.

"ரெண்டு வருஷமா இவரு அங்க பேசிக்கிட்டிருந்திருக்காரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"அண்ணி, அது அவரு பேச்சு இல்ல. நான்…"

"தெரியுது. அவரு இவ்வளவு அழகா பேசமாட்டாரு. எரிஞ்சு விழுவாரு, பாதியில எழுந்து போயிடுவாரு." தாள்களை அடுக்கி ஓரம் தட்டினாள். "அந்த மீசைக்காரனுக்குப் பரிஞ்சு பேசினதா எழுதியிருக்காங்களே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடு. அந்தக் கண் போன பொண்ணோட அம்மா இதைப் படிச்சா இவரைப் பத்தி என்ன நினைப்பா?"

"கிழிக்கக்கூடாது அண்ணி. எல்லாம் அப்படியே இருக்கணும்."

அண்ணி மடித்த துணிகளை அள்ளிக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். காபி வரவில்லை. டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. மீசைக் கோச் மீதான தடை மறுபடி அமலுக்கு வந்தது. பதினான்கு கூட்டங்களின் தீர்மானங்களும் செல்லாது என்று அறிவித்தார்கள். நடுவர் தேர்வும் வீரர் பிரதிநிதியும் சேர்ந்தே போயின. அந்த வருஷப் போட்டிக்குப் பிள்ளைகள் போகமுடியவில்லை. நான்கு வருஷம் உழைத்திருந்த ஒரு பெண் பள்ளிக்கூட வாசலில் டீச்சரைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டாள். தலைவரும் பொருளாளரும் விலக்கப்பட்டார்கள். டீச்சருக்கு நான்கு வருஷம் பதவி கிடையாது. அதை அவள் எதிர்க்கவில்லை.

இடைக்காலக் குழு மூன்று பேர். வழித்துணையம்மா கூடவே இருந்து விதிகளைத் திருத்தினாள்: இனி காலியிடத்தைப் பொதுக்குழு கூடும்வரை காலி என்றே எழுதலாம், அதற்காக அங்கீகாரம் போகாது. உலக அமைப்பும் அதற்குத் தலையாட்டிவிட்டது. அவள் ஊருக்குப் போகுமுன் டீச்சரிடம் கைகுலுக்கி, "அந்தப் பதினோரு கூட்டத்துல பேசின ஆளு என்னிக்காவது தேர்தல்ல நிக்கணும்" என்றாள்.

இப்போது டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிடங்குச் சங்கத்துக்குப் போகிறாள். பதவியோ பெயரோ இல்லை. பயிற்சிக்கு முன் பிள்ளைகளின் முகக்கவசங்களைச் சோதிப்பதுதான் வேலை. கம்பிவலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள், அமுங்கினால் ஒதுக்கிவைப்பாள்.

போகவர நாலு மணி நேரம் பஸ். அந்த நேரத்தில் அண்ணன் உண்மையில் பேசின ஒரு வாக்கியத்தையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். எரிந்து விழுந்தது, கேலி செய்தது, எதையாவது. குரல் நன்றாகக் கேட்கிறது. ஆனால் அந்தக் குரல் 'தீர்மானத்தை நான் ஆட்சேபிக்கிறேன்' என்று அவள் எழுதினதைத்தான் சொல்கிறது. அண்ணியிடம் கேட்கலாம். அண்ணிக்குத் தெரியும். எத்தனையோ தரம் போனை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.